சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி: ரேஸ் கணிப்பைத் தொழிலா எடுக்க முடியுமா?

செம்பனை_தம்பி · சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் எழுதுறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வளர்ந்தவன். தாத்தா காலத்துல கித்தா (ரப்பர்), இப்ப கண்ணுக்கெட்டின வரைக்கும் செம்பனை. டிப்ளோமால புள்ளியியல் படிச்சேன். ஈப்போவுல ஒரு கிடங்குல ஸ்டாக் கணக்கு பார்க்குறேன். சம்பளம் வீட்டுக்கும் மோட்டோ தவணைக்கும் சரியா போயிடுது.

குதிரை விஷயத்துல எங்க மாமாவை டவுன்ல தெரியாத ஆள் கிடையாது. சனிக்கிழமை காலையில ஒட்டுக்கடைக்கு வந்துடுவார். ரேஸ் புக்கை நாலா மடிச்சு சட்டைப்பையில வச்சிருப்பார், பென்சில் காதுல. "ஏழாவது ரேஸ்ல மூணாம் நம்பரைப் பாரு, போன தடவை உள்பக்கம் மாட்டிக்கிட்டு வழி கிடைக்காம வந்துச்சு"ம்பார். லோரி ஓட்டுறவர்ல இருந்து ஹார்ட்வேர் தவுக்கே (கடை முதலாளி) வரைக்கும் வந்து கேட்டுட்டுப் போவாங்க. படிச்சது தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்பு. ஆனா எந்தக் குதிரை எந்த ரேஸ்ல எப்படி ஓடுச்சுன்னு மனப்பாடமா சொல்லுவார்.

அவரோட கண்ணும் என்னோட கணக்கும் சேர்ந்தா இதை ஒரு தொழிலாவே எடுக்கலாமேன்னு தோணுது. பந்தய நிபுணர்னு சொல்றாங்களே, அவங்க உண்மையில எப்படிச் சம்பாதிக்கிறாங்க? யார் சம்பளம் தர்றா? எங்க தொடங்கணும்? "சூது தம்பி, வேணாம்"னு ஒரே வரியில முடிச்சுடாதீங்க. காரணத்தோட சொல்லுங்க.


லயத்து_மகள் · சனி, இரவு 9.40

தம்பி, காரணத்தோடயே சொல்றேன்.

எங்கப்பாவும் உங்க மாமா மாதிரிதான். பால்மரம் வெட்டினவர், கடைசியா ஆளுங்களை மேய்க்கிற தண்டலா இருந்தார். குதிரை தெரியாம அவர் தோக்கலை. நல்லாத் தெரிஞ்சுதான் தோத்தார். வேலையை விட்டப்ப வந்த இ.பி.எஃப். (சேமநிதி) பணத்துல பாதி, ரெண்டு தீபாவளி வர்றதுக்குள்ள போயிடுச்சு.

ஜெயிச்ச சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்டிறைச்சி வரும். அது எங்க எல்லாருக்கும் இன்னும் ஞாபகம் இருக்கு. தோத்த சனிக்கிழமை வீட்டுக்கு ஒண்ணும் வராது, அதனால அது யார் கணக்குலயும் ஏறலை. டவுன்ல அவருக்கு இருந்த பேரும் அப்படி வந்ததுதான்.

அவர் தவறினப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரேஸ் புக்கு கட்டுக்கட்டா இருந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறி, குதிரை பேருக்குக் கீழ கோடு, ஓரத்துல ஜாக்கி பத்திக் குறிப்பு. அத்தனையையும் புரட்டிப் பார்த்தேன். இன்னிக்கு எவ்வளவு கட்டினேன், எவ்வளவு வந்துச்சுன்னு எதுலயும் ஒரு வரி இல்லை.

உங்க மாமாகிட்ட அந்தக் கணக்கு இருக்கான்னு முதல்ல கேளுங்க.


சைஸ்_வீட்டுப்_பேரன் · சனி, இரவு 10.05

அக்கா எழுதினதைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு.

எங்க தாத்தா ஈப்போ ரேஸ் கோர்ஸ்ல சைஸ் வேலை பார்த்தவர். விடியறதுக்கு முன்னாடி குதிரையை வெளிய கொண்டு போறது, திரும்பினதும் குளிப்பாட்டி கால் தடவிப் பார்க்கிறது, தீனி மிச்சம் வச்சிருக்கான்னு பார்க்கிறது, எல்லாம் அவர் வேலை. முழங்காலுக்குக் கீழ தசைநார்ல லேசா சூடு தெரிஞ்சாப் போதும், "இது ரெண்டு வாரத்துக்கு ஓடாது"ன்னுடுவார். தீனியை மிச்சம் வைக்கிற குதிரையை நம்பவே மாட்டார்.

அவரே காசு கட்ட மாட்டார், தம்பி. கேட்டா, "குதிரைக்கு இன்னிக்கு உடம்பு எப்படின்னு எனக்குத் தெரியும். மத்த பதினோரு குதிரைக்கு எப்படின்னு அந்தந்த சைஸுக்குத்தானே தெரியும்"னு சொல்லுவார்.


மட்டறுத்துநர் · சனி, இரவு 10.20

இழை நல்லாப் போகுது, தொடருங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: புக்கி தொடர்பு, வாட்சாப் டிப்ஸ் குழு, "உறுதியான நம்பர்" எதையும் இங்க போடாதீங்க. போட்டா நீக்கிடுவோம். நம்ம நாட்டுல 1953 பந்தயச் சட்டப்படி உரிமம் இல்லாத புக்கிக்கு மட்டும் இல்லை, அவன்கிட்ட காசு கட்டுறவருக்கும் தண்டனை உண்டு.


ஈப்போ_பழைய_பேனா · சனி, இரவு 11.48

தம்பி, நான் ரேஸ் பக்கம் தயாரிக்கிற வேலையில ரொம்பக் காலம் இருந்தவன். அதுக்கப்புறம் வெளிநாட்டுக் குழு ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே ரேஸ் வீடியோ பார்த்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன், மாசச் சம்பளத்துக்கு. நீங்க கேட்ட கேள்வியை எங்கிட்ட நிறைய இளைஞர்கள் கேட்டிருக்காங்க. உங்க அளவுக்குத் தெளிவா கேட்டவங்க குறைவு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அந்தம்மா சொன்ன பென்சில் குறியிலதான் எல்லாமே இருக்கு. அவங்க அப்பா குதிரையைப் பத்தி எழுதி வச்சார், விலையைப் பத்தி, அதாவது ஜெயிச்சா ஒரு வெள்ளிக்கு எவ்வளவு திரும்புங்கிறதைப் பத்தி எழுதலை.

எது ஜெயிக்கும்னு சொல்றவர் ஊருக்கு நூறு பேர் இருப்பாங்க. ரேஸ்ல ஓடுற ஒவ்வொரு குதிரைக்கும் ஜெயிக்க எத்தனை விழுக்காடு வாய்ப்புன்னு முதல்ல எழுதி வச்சுட்டு, அப்புறம் போர்டுல இருக்கிற விலையோட அதை ஒப்பிட்டுப் பார்க்கிறவர் நூத்துல ஒருத்தர்கூட இல்லை. தொழில்னா அதுதான்.

டோட், அதாவது ரேஸ் கிளப்போட பந்தயக் கவுண்டர், எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. எல்லாரும் கட்டுற பணம் ஒரு பூல்ல சேருது. கிளப்போட பங்கும் வரியும் அதுல முதல்ல கழியுது. மிச்சத்தை ஜெயிச்ச டிக்கெட்காரங்க பிரிச்சுக்கிறாங்க. எந்தக் குதிரை ஜெயிச்சாலும் கிளப்புக்கு ஒண்ணுதான். நீங்க மோதுறது கிளப்போட இல்லை, கவுண்டர்ல உங்க முன்னாடியும் பின்னாடியும் நிக்கிறவங்களோட.

ஹாங்காங்ல வின் பூல்ல (முதலாவதா வர்ற குதிரைக்குக் கட்டுற பணம்) கழிக்கிறது 17.5 விழுக்காடு. அதையே வச்சுக் கணக்குப் போடுவோம். போர்டு ஒரு குதிரைக்கு 4.00 காட்டுது, அதாவது 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டினா 4 வெள்ளி திரும்ப வரும். 0.825-ஐ 4-ஆல வகுத்தா 0.206. அந்தக் குதிரைக்கு 20.6 விழுக்காடு வாய்ப்புன்னு கூட்டம் நினைக்குது. நீங்க 23 விழுக்காடுன்னு கணிச்சா கூட்டத்தைவிட உங்களுக்கு நல்லாவே தெரியும்னு அர்த்தம். அப்பவும் நஷ்டம்தான். 4 பெருக்கல் 0.23, கைக்கு வர்றது 92 சென். 25 விழுக்காடு இருந்தாத்தான் போட்ட காசே திரும்பும். 30 இருந்தா 1.20. ஆக, கூட்டத்தைவிட கொஞ்சம் புத்திசாலியா இருந்தா போதாது. அந்தக் கழிவையும் தாண்டுற அளவுக்குப் புத்திசாலியா இருக்கணும். உங்க மாமா கூட்டத்தைவிட கெட்டிக்காரர்னு நான் நம்புறேன். கழிவைத் தாண்டுறாரான்னு எழுதி வச்ச கணக்கு இல்லாம அவருக்கே தெரியாது.

ஃபேவரிட், அதாவது கூட்டம் அதிகமாக் காசு கட்டுற குதிரையைப் பத்தி ஒரு வார்த்தை. பல நாட்டுலயும் ஃபேவரிட் ஏறக்குறைய மூணுல ஒரு ரேஸ்ல ஜெயிக்குது. அதனால ஃபேவரிட்டைச் சொல்லிக்கிட்டே இருக்கிறவருக்கு ஊர்ல நல்ல பேர் கிடைக்கும். காசு கிடைக்காது.

மிச்சத்தை நாளைக்கு எழுதுறேன். கண்ணு எரியுது.


கிந்தா_வாத்தியார் · ஞாயிறு, காலை 7.30

பேனா அண்ணன் எழுதினது அருமை. நான் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவன், ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன்.

இது திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு, அதுவும் தமிழ்நாட்டுல. 1974-ல் அங்க குதிரைப் பந்தயத்தையே நிறுத்தச் சட்டம் போட்டாங்க. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996-ல் குதிரைப் பந்தயம் முதன்மையா திறமை சார்ந்ததுன்னு தீர்ப்பு வந்துச்சு. குதிரையோட பிறப்பு, பயிற்சி, ஜாக்கியோட கை, சுமக்கிற எடை எல்லாத்தையும் எடைபோட முடியும்ங்கிறதுதான் காரணம். தம்பி படிச்ச படிப்புக்கு இது முறையான வேலைதான்.


லயத்து_மகள் · ஞாயிறு, காலை 8.02

//முதன்மையா திறமை சார்ந்ததுன்னு தீர்ப்பு வந்துச்சு//

சார், திறமை இருக்குன்னு நானும் ஒத்துக்கிறேன். எங்கப்பாவுக்கு இருந்துச்சு. ஆனா அந்தத் தீர்ப்பை எங்க லயத்துல யாராவது அவருக்குப் படிச்சுக் காட்டியிருந்தா இன்னும் கூடத்தான் கட்டியிருப்பார். திறமை சார்ந்ததுன்னா திறமை குறைஞ்சவன் கூடுதலா இழப்பான்னும் அர்த்தம் இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.


கிந்தா_வாத்தியார் · ஞாயிறு, காலை 8.15

உண்மைதான்மா. நீங்க சொல்றது முழுக்கச் சரி.


கிராஞ்சி_ஓய்வு · ஞாயிறு, காலை 10.50

நான் சிங்கப்பூர்ல கிராஞ்சி ரேஸ் கோர்ஸ் லாயத்துல வேலை செஞ்சுட்டு ஊர் திரும்பினவன். நேரா விஷயத்துக்கு வர்றேன். தம்பி தொழிலைப் பத்திக் கேட்கிறார், ஆனா அந்தத் தொழில் நடக்கிற மைதானமே சுருங்கிக்கிட்டு வருது.

சிங்கப்பூர் டர்ஃப் கிளப் 1842-ல் தொடங்கினது. மூடப் போறோம்னு 2023 ஜூன்ல அறிவிச்சாங்க. கடைசி ரேஸ் 2024 அக்டோபர் 5. அன்னிக்குக் கிராண்ட் சிங்கப்பூர் கோல்டு கப் ஓடினப்ப பக்கத்துல நின்ன டிரெயினர் கண்ணுல தண்ணி. அடுத்து பினாங்கு. 1864-ல் தொடங்கின கிளப், 2025 மே மாசக் கடைசியில அங்கயும் நிறுத்திட்டாங்க. கோலாலம்பூர்ல ரேஸ் கோர்ஸ் இருந்த அம்பாங் ரோட்டு நிலத்துலதான் இப்ப இரட்டைக் கோபுரம் நிக்குது. கிளப் சுங்கை பீசி பக்கம் போயிடுச்சு.

முன்னெல்லாம் ஒரே குதிரை ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர்னு சுத்தி ஓடும். ஆஸ்திரேலியாவுல இருந்தும் நியூசிலாந்துல இருந்தும் குதிரை வந்துக்கிட்டே இருக்கும். இப்ப அந்தச் சுற்றுல பாதி இல்லை. ஓட இடம் இல்லைன்னா எந்த முதலாளி புதுக் குதிரை வாங்குவார்?

கிராஞ்சி மூடினப்ப டிரெயினர், ஜாக்கி, சைஸ், லாடம் அடிக்கிறவர், கால்நடை உதவியாளர்னு எத்தனையோ பேர் வேற நாடும் வேற வேலையும் தேடினாங்க. குதிரையைத் தவிர வேற எதையும் தொட்டுப் பழகாத கைங்க. அதை நினைச்சா இன்னும் ஆறலை.


செம்பனை_தம்பி · ஞாயிறு, மதியம் 1.15

எல்லாருக்கும் நன்றி. லயத்து அக்கா சொன்ன மாதிரி மாமாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் "கணக்கெல்லாம் வச்சதில்லைடா, மொத்தத்துல பார்த்தா சரிக்குச் சரியா இருக்கும்"னார். அத்தை அடுப்படியில இருந்து ஒண்ணும் சொல்லலை.

பேனா அண்ணே, ரெண்டு கேள்வி. ஒண்ணு, விழுக்காடு போடணும்னு சொன்னீங்களே, எதை வச்சுப் போடுறது? ரெண்டு, ஹாங்காங்ல கம்ப்யூட்டர் வச்சுக் கோடிக்கணக்குல சம்பாதிச்சாங்கன்னு படிச்சேன். அது நிஜமா?


ஈப்போ_பழைய_பேனா · ஞாயிறு, மாலை 5.30

ரெண்டாவது கேள்வியில இருந்து வர்றேன்.

நிஜம்தான். ஆலன் உட்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியர், காப்பீட்டுக் கணக்குத் துறை ஆள். பில் பென்டர்னு ஒரு அமெரிக்கர், லாஸ் வேகாஸ்ல சீட்டு எண்ணி விளையாடி காசினோக்கள் உள்ளயே விடாம தள்ளினவர். ரெண்டு பேரும் 1980களின் நடுவுல ஹாங்காங் வந்து சேர்ந்தாங்க. தொடக்கத்துல கொண்டு வந்த பணத்துல பெரும்பகுதியை இழந்தாங்க. அப்புறம் பிரிஞ்சு தனித்தனிக் குழு வச்சு ரெண்டு பேருமே பெரும் பணக்காரர் ஆனாங்க. பென்டர் தன்னோட முறையை 1994-ல் கட்டுரையாவே எழுதி வெளியிட்டார். புள்ளியியல் படிச்ச நீங்க அதைத் தேடிப் படிக்கணும்.

அதுல ஒரு இடம் ரொம்ப முக்கியம். அவரோட கணக்கு மட்டும் தனியா போதலை. தன் கணிப்பையும் போர்டுல கூட்டம் காட்டுற விலையையும் சேர்த்து ரெண்டாவதா ஒரு கணக்குப் போட்டப்புறம்தான் கணிப்பு சரியா வந்துச்சு. அவ்வளவு பெரிய ஆளே கூட்டத்துக்குத் தெரிஞ்சது தனக்குத் தெரியாதுன்னு ஏத்துக்கிட்டார். நம்ம சைஸ் வீட்டுத் தாத்தா சொன்னதும் இதுதானே. லாயத்துல நடக்கிறது அந்தந்த லாயத்து ஆளுக்குத் தெரியும், அவங்க கட்டுற காசு போர்டுல தெரியும்.

இப்ப முதல் கேள்வி, எதை வச்சு விழுக்காடு போடுறது. நான் செஞ்ச வேலையைச் சொல்றேன்.

ஒரு 1200 மீட்டர் ரேஸ், 12 குதிரை. வீடியோவை 12 தடவை பார்க்கணும், தடவைக்கு ஒரு குதிரையைத்தான். தொடக்கக் கேட் திறந்ததும் நேரா வந்துச்சா, தலையைத் தூக்கிச்சா. முதல் 200 மீட்டர்ல ஜாக்கி தள்ளினாரா, இழுத்துப் பிடிச்சாரா. வளைவுல ரெயிலுக்கு (உள்பக்கத் தடுப்பு வேலி) பக்கமா வந்துச்சா, ரெண்டு குதிரைக்கு வெளியவா, மூணு குதிரைக்கு வெளியவா. இந்தக் கடைசி விஷயம் சின்னதாத் தெரியும். அரைவட்ட வளைவு முழுக்க ரெயில்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினா 3 மீட்டருக்கு மேல கூடுதல் ஓட்டம். பள்ளிக்கூடத்துல படிச்ச பை (π) கணக்குதான். ஒரு லெங்த்ங்கிறது ஒரு குதிரை நீளம், சுமார் 2.4 மீட்டர். அப்ப மூணு மீட்டர் வெளிய வந்து ரெண்டு லெங்த்ல தோத்த குதிரை, ரேஸ் புக்குல "நாலாவது"ன்னு ஒரே சொல்லுல அடங்கிப் போகுது. உங்க மாமாவோட கண்ணு இதைத்தான் பிடிக்குது. அது அபூர்வமான கண்ணு, சந்தேகமே வேணாம்.

அதுக்கப்புறம் மத்தது. கிளாஸ் (ரேஸோட தரம்) ஏறுதா இறங்குதா, வெயிட் எத்தனை கிலோ மாறுது, பயிற்சி ஜாக்கிக்கு எடைச் சலுகை உண்டா, எத்தனாவது கேட், தரை காஞ்சிருக்கா. ஈப்போ மழையைத்தான் உங்களுக்கே தெரியுமே, மதியம் மூணு மணிக்குப் பிடிச்சா கடைசி ரெண்டு ரேஸ்ல தரை வேற தரை. ஸ்டூவர்ட் (ரேஸைக் கண்காணிக்கிற அதிகாரி) அறிக்கையை விட்டுடாதீங்க. மூக்குல ரத்தம் வந்துச்சு, லாடம் கழண்டுச்சு, ஜாக்கியை விசாரிச்சாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். காசு கொடுக்காம கிடைக்கிற தகவல்ல அதைவிட நல்லது இல்லை. நம்ம ஆளுங்க யாரும் அதைப் படிக்கிறதில்லை.

சரி, யார் சம்பளம் தர்றா? ஊர் ஊரா போய் டிக்கெட் வாங்கி வாழுறவர் ரொம்பக் குறைவு. இங்கிலாந்துல ஃபில் புல்னு ஒருத்தர், கணக்கு வாத்தியாரா இருந்தவர். ஓட்ட நேரத்தை வச்சுக் குதிரைக்கு மதிப்பெண் போடுறதுல பேர் வாங்கினார், தானும் பந்தயம் கட்டிச் சம்பாதிச்சார். ஆனா 1948-ல் அவர் தொடங்கின டைம்ஃபார்ம், அந்த மதிப்பெண்ணை மத்தவங்களுக்கு விக்கிற தொழில். இன்னிக்கும் அது இருக்கு. உள்ள போற வழிகள் இதுதான்: ரேஸ் பக்கமும் ஃபார்ம் புக்கும் (குதிரைங்க முன்ன ஓடின பதிவு) தயாரிக்கிறது, கிளப்புல குதிரைக்கு எடை நிர்ணயிக்கிற ஹேண்டிகேப்பர் அலுவலகம், ஸ்டூவர்ட் பிரிவு, நேரம் எடுக்கிற பிரிவு, வர்ணனை, வெளிநாட்டுக் குழுக்களுக்குத் தரவு வேலை. ஹேண்டிகேப்பர் வேலையை மட்டும் தனியா சொல்லணும். எல்லாக் குதிரையும் ஒரே கோட்டுல வந்து முடியிற மாதிரி எடை போடுறதுதான் அவர் கனவு. குதிரையை அவ்வளவு ஆழமாப் படிக்கிற வேலை வேற இல்லை. அதுக்கு மாசச் சம்பளம் உண்டு, சொந்தக் காசு ஒரு சென்னும் வேணாம்.


கிந்தா_வாத்தியார் · ஞாயிறு, மாலை 6.10

தோல்வி வரிசையைப் பத்தியும் தம்பிக்குச் சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் 20 விழுக்காடு வாய்ப்பு இருக்கிற குதிரைகளையே எடுக்கிறார், விலையும் நல்ல விலைன்னு வச்சுக்குவோம். அப்பவும் அடுத்த 10 டிக்கெட்டும் தோக்க 10.7 விழுக்காடு வாய்ப்பு இருக்கு. 20 டிக்கெட்டும் தோக்க 1 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல. வருசம் பூரா கட்டுறவருக்கு இது வந்தே தீரும். சரியா செய்யுறவருக்கே இந்த நிலைமை.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கட்டலாம்ங்கிறதுக்கு ஜான் கெல்லிங்கிறவர் 1956-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். பேனா அண்ணன் சொன்ன 4.00 விலை, 30 விழுக்காடு வாய்ப்பு உதாரணத்துக்கு அது கையிருப்புல 6.7 விழுக்காடு காட்டும். கணிப்பு கொஞ்சம் தவறினாலும் ஆபத்துன்னு அதுலயும் பாதிதான் நிறைய பேர் போடுவாங்க. நம்ம ஊர்ல நடக்கிறது நேர் எதிர், தோத்ததும் அடுத்த ரேஸ்ல ரெட்டிப்பா கட்டுறது.


லயத்து_மகள் · ஞாயிறு, இரவு 8.25

அதுக்குத்தான் புக்கி கடன் தர்றான். டோட் கவுண்டர்ல கையில காசு இருந்தாத்தான் டிக்கெட். புக்கி போன்லயே எழுதிப்பான், டிஸ்கவுண்டும் தருவான், திங்கக்கிழமை கணக்கு முடிக்கலாம்பான். திங்கக்கிழமை காசு இல்லைன்னா ஆலோங்கை (வட்டிக்கு விடுற முரட்டு ஆளை) காட்டி விடுவான். எங்க வீட்டுக் கேட்டுல சிவப்புப் பெயிண்ட் ஊத்தினது ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலையில. அம்மா மண்ணெண்ணெய் வச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. பள்ளிக்கூட பஸ் வர்றதுக்குள்ள போயிடணும்னு.

தம்பியோட மாமா சரிக்குச் சரின்னு சொன்னப்ப அத்தை பேசலைன்னு எழுதியிருந்தாரே, அந்த இடத்தைப் படிச்சப்ப எங்கம்மாதான் தெரிஞ்சாங்க. தம்பி, அத்தைகிட்ட தனியாக் கேளுங்க. கடன் இருந்தா ஏ.கே.பி.கே.ன்னு கடன் ஆலோசனை அமைப்பு இருக்கு. காசு வாங்க மாட்டாங்க, ஈப்போவுலயும் கிளை இருக்கு. வங்கிக் கடன், கிரெடிட் கார்டுன்னா அங்க போகலாம். ஆலோங்குன்னா போலீஸ்தான்.


செம்பனை_தம்பி · திங்கள், இரவு 10.30

அத்தைகிட்ட பேசினேன் அக்கா. விவரத்தை இங்க எழுத வேணாம்னு நினைக்கிறேன். நீங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றி.

பேனா அண்ணே, இன்னும் ஒரு சந்தேகம். கிராஞ்சி அண்ணன் ரேஸ் குறைஞ்சு போச்சுன்னார். ஆளு குறைஞ்சா போட்டியும் குறையும்தானே? ஹாங்காங்ல கம்ப்யூட்டர் குழுக்களோட மோதுறதைவிட, ஈப்போவுல நூறு பெரியவங்களோட மோதுறது சுலபம் இல்லையா? மாமாவோட கண்ணும் இந்தக் குதிரைங்களைத்தான் பழகியிருக்கு.


ஈப்போ_பழைய_பேனா · செவ்வாய், காலை 6.50

நல்ல கேள்வி. பல பேர் இந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்க.

வின் பூல்ல மொத்தம் 10,000 வெள்ளி இருக்குன்னு வச்சுக்குவோம். உங்க குதிரை மேல 1,000 வெள்ளி. 17.5 விழுக்காடு கழிச்சா 8,250 மிச்சம். 1,000-ஆல வகுத்தா போர்டு 8.25 காட்டும். அந்தக் குதிரைக்கு 15 விழுக்காடு வாய்ப்புன்னு நீங்க சரியாவே கணிச்சிருக்கீங்க. 8.25 பெருக்கல் 0.15, வெள்ளிக்கு 1.24. அற்புதமான விலை.

நீங்க 500 வெள்ளி கட்டுறீங்க. இப்ப பூல் 10,500, கழிச்சா 8,662.50. உங்க குதிரை மேல 1,500. விலை 5.78-க்கு இறங்கிடுச்சு. 0.15-ஆல பெருக்குங்க, 87 சென்னுக்குக் கீழ. லாபமா இருந்த டிக்கெட்டை உங்க காசே நஷ்டமாக்கிடுச்சு. 100 வெள்ளி மட்டும் கட்டினா விலை 7.58, இன்னும் லாபம்தான். ஆனா நூறு வெள்ளி டிக்கெட்டுல சராசரியாக் கிடைக்கிறது 14 வெள்ளிகூட இல்லை. அந்த மாதிரி விலை ஒரு நாளைக்கு எத்தனை ரேஸ்ல கிடைக்கும்? ஒண்ணு, ரெண்டு. எதுவுமே இல்லாத நாளும் உண்டு. அதுக்காக வாரம் பூரா வீடியோ பார்க்கணும்.

பூல் பெருசா இருக்கிற ஊர்ல எதிராளி கம்ப்யூட்டர். எதிராளி சுலபமா இருக்கிற ஊர்ல பூல் சின்னது. கட்டிச் சம்பாதிச்சுப் பிழைக்கிற தொழிலுக்கு நம்ம பேராக்குல இடம் இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான். மாமாவோட கண்ணுல குறையே இல்லை.

அந்தக் கண்ணை வீணாக்கவும் வேணாம். தோட்டத்துல ஒவ்வொருத்தர் பாலையும் நிறுத்து, கிராணி பேரேட்டுல எழுதினாத்தானே கூலி? அதே மாதிரி மாமா சொல்றதை ரேஸுக்கு முன்னாடியே எழுதி நிறுத்துப் பாருங்க. காசு வேணாம், எழுத்து மட்டும். ஒவ்வொரு குதிரைக்கும் மாமாவோட விழுக்காடு, மொத்தம் 100-க்கு வரணும். அதுக்குப் பக்கத்துல கேட் திறக்கிற நேரத்து விலை, அப்புறம் முடிவு. சில நூறு ரேஸ் சேர்ந்ததும், மாமா 20 விழுக்காடுன்னு சொன்ன குதிரையெல்லாம் நிஜமாவே அஞ்சுல ஒண்ணு ஜெயிச்சுதான்னு பாருங்க. அந்தப் பதிவை எடுத்துக்கிட்டு வேலை கேட்டுப் போனா மதிப்பாங்க. டிப்ஸ் கொடுத்துப் பேர் வாங்கினேன்னு சொன்னா யாரும் உட்காரச் சொல்ல மாட்டாங்க.


சைஸ்_வீட்டுப்_பேரன் · செவ்வாய், காலை 9.15

14 வெள்ளி கணக்கைத் தே தாரே கடையில ரெண்டு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். ஒருத்தர் தப்புன்னு சொல்லி, தானே பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டு அமைதியாயிட்டார்.


கிராஞ்சி_ஓய்வு · செவ்வாய், மதியம் 12.40

பேனா அண்ணன் சொன்ன வேலைங்கள்ல வெளிநாட்டுத் தரவு வேலைதான் இனிமே நிலைக்கும். ஹாங்காங், ஆஸ்திரேலியா, ஜப்பான் ரேஸெல்லாம் வீட்டுல இருந்தே பார்க்கலாம். என் கூட லாயத்துல இருந்த ஒரு பையன் இப்ப அதைத்தான் செய்யுறான். தொடங்கினப்ப சம்பளம் கிடங்கு வேலையைவிடக் குறைவுதான். கிடங்கு வேலையை இப்போதைக்கு விடாதீங்க தம்பி.


செம்பனை_தம்பி · ஞாயிறு, இரவு 9.55

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். நேத்து ரேஸ் நாள். மாமாவை உட்கார வச்சு நாலாவது ரேஸுக்கு விழுக்காடு கேட்டேன். முதல்ல சிரிச்சார். அப்புறம் 11 குதிரைக்கும் சொன்னார், கூட்டிப் பார்த்தா 160 வந்துச்சு. "எல்லாமே ஜெயிக்கிற மாதிரி இருக்கு மாமா"ன்னேன். ரெண்டாவது தடவை யோசிச்சு யோசிச்சு இறக்கி 100-க்குக் கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு. ரேஸ் புக்கைப் பார்த்துட்டு அவர் அவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பார்த்ததில்லை. அன்னிக்கு அவர் டிக்கெட் வாங்கலை. அடுத்த வாரம் வாங்குவாரான்னு தெரியலை, அத்தை பணத்தைத் தன் கையில வச்சுக்கிட்டாங்க.

வீடியோக் குறிப்பும் எழுதினேன். ஒரு வரி போடுறேன், சரியான்னு பாருங்க அண்ணே: "5-ஆம் நம்பர், கேட் 9, மெதுவா கிளம்பிச்சு, வளைவுல வெளிய ஓடிச்சு, கடைசியில நல்லா வந்துச்சு, மூணாவது."


ஈப்போ_பழைய_பேனா · ஞாயிறு, இரவு 11.20

160 வந்ததுல ஆச்சரியம் இல்லை. கூட்டச் சொன்னா முதல் தடவை எல்லாருக்கும் நூறைத் தாண்டும். அந்த முதல் தாளைக் கிழிச்சுடாதீங்க, தேதி போட்டு வையுங்க. எந்தக் குதிரையோட விழுக்காட்டை மாமா இறக்கினார், எதை இறக்க மனசு வரலைங்கிறது பின்னாடி உதவும்.

உங்க குறிப்புல "மெதுவா", "வெளிய", "நல்லா" மூணையும் அடிச்சுடுங்க. கேட் திறந்தப்ப எத்தனை லெங்த் பின்னாடி, வளைவுல எத்தனை குதிரைக்கு வெளிய, எந்த மீட்டர் கம்பத்துல இருந்து எந்தக் கம்பம் வரைக்கும், கடைசி 400-ல் எத்தனை குதிரையைத் தாண்டிச்சு, அப்ப முன்னாடி இருந்தவை சோர்ந்து போனதாலயா, இது வேகம் எடுத்ததாலயா. கடைசிக் கேள்விக்கு மத்த குதிரைகளையும் பார்க்காம பதில் கிடைக்காது. மிச்சம் பத்தையும் பார்த்துட்டு அந்த வரியை மறுபடி எழுதிப் போடுங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி பார்க்குறேன்.